காசு வாங்காத துரை

1

போன சித்திரையில் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றிய ஓர் ஏரிக்குள் டென்னிஸ் பால் கிரிக்கெட் தொடர் நடந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, மண்ணைக் கெட்டித்து, மைக் செட் கட்டியிருந்தார்கள். பரிசு கொடுக்கிற நாலு பேரில் ஒருவனாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அரையிறுதியில் ஒரு அணி ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தது. ஐந்நூறு ரூபாயும் சாப்பாடும் பேச்சு. அவன் ஒரே ஓவரில் மூணு பேரைத் தூக்கினான். எதிரணி தகராறு பண்ணியது. நோட்டீசில் வெளியூர்க்காரன் ஆடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் கமிட்டிப் பெரியவர் மேடையிலிருந்து இறங்கிப் போய்ச் சொன்னார்: “துட்டு வாங்கிக்கினு ஆடறவனுக்கு ஊரு மானம் இன்னா தெரியும்? நான் ஒரு பைசா வாங்காம இந்த ஊருக்கு ஒழைக்கிறேன்.”

பையன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்: “ஒரு நாள் கூலிய வுட்டுட்டு வந்துருக்கேன்ணே. அத யாரு குடுப்பா?”

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சிதான். பெரியவரின் வாக்கியத்தை அவருக்கு நூறு வருஷம் முன்னால், இன்னும் நல்ல உடுப்போடு, பேசிக்கொண்டிருந்த ஒருவரின் வழியாக இதைத் தேடப் பார்க்கிறேன். அவர் பெயர் ஜார்ஜ் ராபர்ட் கேனிங் ஹாரிஸ், நான்காம் ஹாரிஸ் பிரபு. எங்கோ இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடிய ஒரு துரைக்கும் வட ஆற்காட்டு ஏரிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

2

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1851 பிப்ரவரி 3இல் திரினிடாடில் பிறந்தார். அப்போது அவர் அப்பா அங்கே கவர்னர். ஈட்டன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. 1872இல் அப்பா இறந்ததும் பிரபு பட்டம். 1875 முதல் 1889 வரை கென்ட் கவுண்டிக்குக் கேப்டன். இங்கிலாந்துக்காக நான்கு டெஸ்டுகள் ஆடினார், நான்கிலும் கேப்டனாகவே ஆடினார். 1880இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்டுக்கும் கேப்டன் அவரே. முதல்தர ஆட்டங்களில் 9,990 ரன். அதற்குப் பின் அரசியல்: இந்தியாவுக்கான துணை அமைச்சர், போர்த்துறைத் துணை அமைச்சர், 1890 முதல் 1895 வரை பம்பாய் கவர்னர். திரும்பிப் போனதும் உலக கிரிக்கெட்டையே ஆண்ட எம்.சி.சி. என்ற லண்டன் கிளப்புக்குத் தலைவர். 1916 முதல் சாகும்வரை அதன் பொருளாளர். 1932 மார்ச்சில் கென்ட்டில் தன் குடும்ப மாளிகையான பெல்மாண்டில் இறந்தார்.

இவர் ஒரு ‘அமெச்சூர்’. தமிழில் இதற்குச் சரியான சொல் நம்மிடம் இல்லை. பிரெஞ்சு வழி லத்தீனில் இதன் வேர் ‘நேசிப்பவன்’. அதாவது, காசுக்காக இல்லாமல் ஆட்டத்தின் மேல் உள்ள பிரியத்துக்காக ஆடுகிறவன். இவனுக்கு எதிர்நிலையில் நிற்பவன் ‘புரொபஷனல்’, சம்பள ஆட்டக்காரன். இருவரும் ஒரே அணியில் ஆடுவார்கள். ஆனால் உடுப்பு மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே இறங்குகிற வாசலும் வேறு. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்குப் பெயருக்கு முன்னால் இன்ஷியல் வரும், சம்பளக்காரனுக்கு வராது அல்லது பின்னால் வரும். அமெச்சூர் ‘மிஸ்டர்’, மற்றவன் வெறும் பெயர். வருஷா வருஷம் ‘ஜென்டில்மென்’ ஓர் அணியாகவும் ‘பிளேயர்ஸ்’ ஓர் அணியாகவும் மோதுகிற ஆட்டமும் உண்டு. 1806இல் ஆரம்பித்த அது 1962இல்தான் நின்றது. அந்த வருஷம் நவம்பரில்தான் இந்த இரட்டைக் குவளை முறையை ஒழிக்க முடிவெடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஒரு சம்பளக்காரர், லென் ஹட்டன், முறைப்படி இங்கிலாந்துக்குக் கேப்டனானது 1952இல். அதாவது நாம் முதல் பொதுத்தேர்தலை முடித்த பிறகு.

இரட்டைக் குவளை என்று நான் எழுதியதை வெறும் உவமை என்று தள்ளிவிட வேண்டாம். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு உடல்களை, இது சுத்தம் இது அசுத்தம் என்று பிரித்துத் தனித்தனி வாசல் வைப்பதை நாம் வேறு எந்தப் பெயரால் அழைப்பது? பிரிக்கிற அளவுகோல் அங்கே பிறப்பு என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை, காசு என்று சொல்லப்பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹாரிஸ் 1878–79இல் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போன அணியைப் பாருங்கள். எல்லாரும் அமெச்சூர்கள், இரண்டே பேர் சம்பளக்காரர்கள்: யூலியட், எம்மெட். எதற்கு அந்த இரண்டு பேர்? பந்து போட. மெல்போர்ன் டெஸ்டில் டாம் எம்மெட் 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஆட்டத்தில் தோற்றார்கள் என்பது வேறு. பேட் பிடிப்பது கனவானின் கலை, பந்து போடுவது உழைப்பாளியின் வேலை. ஒருவன் நின்று அழகு காட்டுவான், மற்றவன் ஓடி ஓடி வியர்ப்பான். இந்த வேலைப்பிரிவினையைத்தான் கப்பலேற்றி நமக்கும் அனுப்பினார்கள்.

3

சம்பளம் வாங்காமல் நாற்பது வருஷம் ஆடவும் ஆட்டத்தை நிர்வகிக்கவும் ஒருவரால் எப்படி முடிந்தது? பிரபுவுக்குச் சொத்து இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில். அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதை நம் ஊருக்கு வருகிறது.

முதலாம் ஹாரிஸ் பிரபு, கிரிக்கெட் ஹாரிஸின் கொள்ளுத்தாத்தா, ஒரு பாதிரியாரின் மகன். பெரிய நிலக்கிழார் வம்சம் ஒன்றும் இல்லை. கம்பெனிக் காலத்தில் சென்னைப் படைகளின் தலைமைத் தளபதியாக வந்தவர். 1799 பிப்ரவரியில் திப்பு சுல்தான் மீது படையெடுத்துப் போன பெருஞ்சேனையை நடத்தியவர் அவர்தான். அந்தச் சேனை கூடிப் புறப்பட்ட இடம் வேலூர். கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அந்தக் கோட்டை வாசலில் இறங்கலாம். பல்லாயிரம் வண்டிமாடுகள், தானியம் சுமக்கிற பிரிஞ்சாரிகள், சிப்பாய்கள், சிப்பாய்களின் பெண்டு பிள்ளைகள் எல்லாருமாகப் புறப்பட்டார்கள். மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார், நகரம் சூறையாடப்பட்டது. கொள்ளைப் பொருளுக்கு ராணுவ மொழியில் ‘பரிசுப் பணம்’ என்று பெயர். அதில் தளபதி ஹாரிஸின் பங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுனுக்கு மேல். கோட்டைச் சுவரில் ஏறிய நாட்டுச் சிப்பாய்க்குக் கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பவுன்.

அந்தப் பணத்தில் 1801இல் வாங்கியதுதான் கென்ட்டின் பெல்மாண்ட் மாளிகை. 1815இல் பிரபு பட்டம் தந்தபோது அதில் ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் என்ற பெயர்களையும் சேர்த்தே தந்தார்கள். ஆக, கென்ட் மைதானத்தில் வெள்ளை உடுப்போடு இறங்கிய பிரபுவின் பட்டத்திலேயே நம்முடைய ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. கொள்ளை போன வீட்டின் கதவு எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்வது மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. திப்புவையும் ஹைதரையும் புனிதர்களாக்கி அழுகிற வேலை எனக்கில்லை. 1780இல் ஹைதரின் குதிரைப்படை இந்த ஆற்காட்டுச் சீமையைத்தான் எரித்தது. ஆரணிப் பக்கம் 1782இல் ஹைதரும் கம்பெனியும் மோதியபோது மிதிபட்டது இதே வயல்கள்தான். யார் ஜெயித்தாலும் கொடுத்தவர்கள் குடியானவர்களும் அவர்களுக்குக் கீழே இருந்த பண்ணையாட்களும். நான் கேட்பது வேறு கேள்வி: கொடுத்தவர்களின் பெயர் எந்த ஸ்கோர் அட்டையில் இருக்கிறது?

கணக்கு தளபதியோடு முடியவில்லை. மூன்றாம் பிரபு, நம் ஆட்டக்காரரின் அப்பா, 1846 முதல் 1854 வரை திரினிடாடு கவர்னர். அடிமைமுறை ஒழிந்த கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளின் முதல் கப்பல் வந்து சேர்ந்தது 1845 மே மாதம். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அந்தக் கூலிகளைத் தோட்டத்தோடு கட்டிப்போடுகிற விதிமுறைகள் உருவானதில் இந்தக் கவர்னருக்கும் பங்குண்டு. பிறகு 1854 முதல் 1859 வரை அவர் சென்னை மாகாணத்தின் கவர்னர். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது, அவர் ஆட்சியில்தான். பள்ளிப் பாடம் ரயிலோடு நின்றுவிடும். 1855இல் அதே ஆட்சியில் இன்னொரு ஆவணமும் வெளிவந்தது: சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க நடந்த சித்திரவதைகள் பற்றிய விசாரணைக் கமிஷன் அறிக்கை. விரல்களை இடுக்கி நசுக்குகிற கிட்டி, குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைக்கிற அண்ணந்தாள். நம் சொற்கள் ஆங்கில அறிக்கைக்குள் போய் உட்கார்ந்தது இப்படித்தான். கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் பத்திரிகையில் இதை எடுத்து எழுதினார். அறிக்கை பழியைப் பெரும்பாலும் கீழ்மட்ட உள்ளூர்ச் சிப்பந்திகள் மீது இறக்கியது. மேலே போன வரிப்பணத்துக்கு ரத்த வாடை இல்லை.

இப்போது ‘காசு வாங்காத ஆட்டக்காரர்’ என்ற சொல்லை மறுபடி வாசித்துப் பாருங்கள். அவருக்குச் சம்பளம் இல்லை என்பது உண்மையல்ல. அவருடைய சம்பளம் மூன்று தலைமுறைக்கு முன்பே, மொத்தமாக, முன்பணமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவன் யார் என்ற சீட்டு மட்டும் கிழிக்கப்பட்டுவிட்டது. சம்பளக்காரன் வாரக் கடைசியில் வரிசையில் நின்று வாங்குவதால் அவன் கூலி கண்ணுக்குத் தெரிகிறது. அமெச்சூரின் கூலி நிலமாக, மாளிகையாக, பட்டமாக, நடையழகாக மாறிவிட்டதால் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கூலிக்குப் பெயர் ‘நேசம்’. தெரிகிற கூலிக்குப் பெயர் ‘பேராசை’.

4

1890இல் ஹாரிஸ் பம்பாய் கவர்னராக வந்து இறங்கினார். இந்தியாவுக்குக் கிரிக்கெட்டைக் கொடுத்த தந்தை என்று இவரைச் சொல்கிற வழக்கம் உண்டு. பம்பாய்ப் பள்ளிகளுக்கு இடையிலான கேடயம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1988 பிப்ரவரியில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் எடுத்தது அந்த ஹாரிஸ் கேடயப் போட்டியில்தான்.

தந்தை என்ன செய்தார் என்று பார்ப்போம். பம்பாய் மைதானத்தில் நாட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற புல்தரையை ஐரோப்பியரின் போலோக் குதிரைகள் கிளறிப் போட்டன. குதிரைகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு 1890இல் கொடுத்த மனுவை அவர் நிராகரித்தார். ஜிம்கானாக்களுக்கு நிலம் ஒதுக்குகிற விஷயத்தில் அவர் வைத்த கொள்கை இது: ஒவ்வொரு ‘சமூகத்துக்கும்’ ஒரு ஜிம்கானா, அதற்கு மேல் யாரும் கேட்டு வரக்கூடாது, அவரவர் தங்கள் சமூகத்தின் கிளப்பில் சேர்ந்து ஆடிக்கொள்ளட்டும். பார்சிக்கு ஒன்று, இஸ்லாமியருக்கு ஒன்று, இந்துவுக்கு ஒன்று. பிற்காலத்தில் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் அணிகள் மோதிக்கொண்ட பம்பாய்ப் போட்டிகளுக்கு நிலத்தின் மேல் கோடு போட்டது இந்த நிர்வாக அறிவுதான். 1893 ஆகஸ்டில் பம்பாயில் இந்து – முஸ்லிம் கலவரம் வெடித்தபோது கவர்னர் பூனாப் பக்கம் கணேஷ்கிண்டில் இருந்தார். நகரத்துக்குத் திரும்பியது ஒன்பதாம் நாள். அதுவும் ஒரு கிரிக்கெட் மேட்ச்சுக்காக என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அதே பூனா, அதே வருஷங்கள். ஐரோப்பியரின் ஜிம்கானாவில் ஒரு பையன் வேலைக்குச் சேர்கிறான். புல் வெட்டுவது, பிட்ச் உருட்டுவது, வலை கட்டுவது, துரைமார் பயிற்சி எடுக்கப் பந்து போடுவது. பெயர் பல்வங்கர் பாலு. சாம்பார், அதாவது தோல்வேலை செய்கிற சாதி. சம்பளம் மாதம் நாலு ரூபாய். கவர்னரின் சம்பளம் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், மாதம் பத்தாயிரம் ரூபாய். காசு வாங்காத துரை இவர்தான்!

பாலு மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் துரைமாருக்குப் பந்து போட்டார். ஒரு நாளும் அவர் கையில் பேட்டைக் கொடுத்ததில்லை. பிறகு பூனா இந்துக்கள் தங்கள் அணிக்கு வேறு வழியில்லாமல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் டீ. தோலைப் பதனிடுகிறவன் தீட்டு, பதனிட்ட தோலால் செய்த பந்து தீட்டில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றார்கள், வெற்றியில் பெரும்பங்கு பாலுவின் பந்துவீச்சு. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணிக்குக் கேப்டனாக அவரை வைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது, அதுவும் போராடிய பிறகு.

ஹாரிஸின் கருத்தியல் இங்கே எவ்வளவு சுலபமாக வேர்பிடித்தது, பாருங்கள். ஆங்கிலேயன் கொண்டுவந்தது கனவான் – கூலிக்காரன் பிரிவினை. அதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. கேப்டன் என்பவன் பிறப்பால் கேப்டன், பந்து போடுகிறவன் பிறப்பால் பந்து போடுகிறவன். நம்மிடம் அதற்கு சாஸ்திரமே இருந்தது.

சென்னையிலும் இதே கதைதான், கொஞ்சம் மெருகோடு. சேப்பாக்கத்தில் வெள்ளையர் கிளப்பின் பெவிலியனில் இந்திய ஆட்டக்காரருக்கு இடமில்லை, மரத்தடியில்தான் சாப்பாடு என்ற அவமானத்திலிருந்துதான் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் பெரிய செல்வர் வீட்டுப் பிள்ளை. மரத்தடியிலிருந்து பெவிலியனுக்குப் போக அவரிடம் காசு இருந்தது. மரத்தடியைப் பெருக்கியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

5

1931இல், எண்பதாவது பிறந்தநாளன்று, ஹாரிஸ் இளம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு செய்தி எழுதினார். லார்ட்ஸ் மைதானத்தில் அவர் நினைவாக அமைத்த தோட்டத்தில் அதன் சொற்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இழிவானதும் மானக்கேடானதும் வேறெந்த விளையாட்டையும்விட இதில் குறைவு, இதைக் களங்கப்படுத்துகிற எதிலிருந்தும் காப்பாற்றுங்கள் என்பது சாரம். அழகான பிரதி. கோடிக்கணக்கான பேர் நம்பிய பிரதி. இலக்கிய விமர்சனம் பழகிய நாம் இதை ஒரு கவிதையை வாசிக்கிற கவனத்தோடு வாசிக்கலாம்.

இழிவு என்பதற்கு அவர் எழுதிய சொல் ‘சார்டிட்’. லத்தீன் வேரில் அழுக்கு என்று பொருள். கூலிக்கு உழைக்கிறவனின் தொழில்களை இந்தச் சொல்லால்தான் ரோமாபுரியின் சிசரோ குறித்தான். கூலியே அடிமைத்தனத்தின் அச்சாரம் என்பது அவன் வாதம். ஆக, அழுக்கு என்பது கொள்ளையடித்த பணத்தில் இல்லை, கேட்டு வாங்குகிற கூலியில்தான் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக இந்தச் சொல் யார் பக்கம் வேலை செய்கிறது என்று தெரிகிறதா?

அழுக்கை யார் கிளப்பினார்கள் என்றும் சரித்திரத்தில் இருக்கிறது. 1896இல் ஓவல் டெஸ்டுக்கு முன்னால் ஐந்து சம்பள ஆட்டக்காரர்கள், லோமன், கன், ஏபெல், ரிச்சர்ட்சன், ஹேவார்ட், தங்களுக்குப் பத்துப் பவுன் போதாது, இருபது வேண்டும் என்றார்கள். பத்திரிகைகள் பாய்ந்தன. மூன்று பேர் பணிந்துபோனார்கள், இரண்டு பேர் ஆடவில்லை. அதே காலத்தில் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்ற ‘அமெச்சூர்’ 1891–92இல் ஆஸ்திரேலியா போய்வர மூவாயிரம் பவுன் வாங்கினார். அது சம்பளம் இல்லையாம், செலவுக்காம்! கூலி கேட்டால் அழுக்கு, செலவு கேட்டால் சுத்தம்.

1922இல் ஹாரிஸே இன்னொரு காரியம் செய்தார். வாலி ஹாமண்ட் என்ற ஏழைப்பட்ட சம்பள இளைஞன் கென்ட்டின் டோவரில் பிறந்தவன், குளோஸ்டர்ஷயருக்கு ஆடுகிறான். பிறந்த கவுண்டியும் இல்லை, வசித்த தகுதியும் பூர்த்தியாகவில்லை என்று விதியைக் காட்டித் தடுத்தார். பையனுக்கு ஒரு சீசனின் பெரும்பகுதி போயிற்று. திரினிடாடில் பிறந்த பிரபு கென்ட்டுக்கு ஆடலாம், மாளிகை அங்கே இருக்கிறதே. பதினாறு வருஷம் கழித்து ஹாமண்ட் இங்கிலாந்துக்குக் கேப்டன் ஆனார். எப்படி? 1937இல் தன்னை அமெச்சூர் என்று மாற்றிப் பதிவு செய்துகொண்டு. ஆள் அதே ஆள், கை அதே கை. இன்ஷியல் மட்டும் முன்னால் வந்துவிட்டது. ஒரு பிரிவினை எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டியதில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாரிஸ் சம்பளக்காரர்களிடம் கொடூரமாக நடந்தவர் அல்ல. கென்ட்டின் ஆட்டக்காரர்களுக்கு ஆட்டமில்லாத குளிர்காலத்திலும் கொஞ்சம் பணம் கிடைக்க வழி செய்தவர்களில் ஒருவர். அவர்கள் அவரிடம் மரியாதையாகவே இருந்தார்கள். இதுதான் சிக்கலே. நல்ல பண்ணையார் பொங்கலுக்கு வேட்டி கொடுப்பார். வேட்டி வாங்குகிறவன் கூலியை உயர்த்திக் கேட்டால் முகம் மாறும்.

6

இதுவரை படித்த தோழர்கள் தலையாட்டியிருப்பீர்கள். வெள்ளைக்கார துரை, பிரபு, கவர்னர் – திட்டுவதற்கு வசதியான ஆள். இனிமேல்தான் கஷ்டம்.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் யார்? நம்முடைய பெருமை என்ன? காசுக்கு எழுதாதவர்கள். வணிகப் பத்திரிகையில் எழுதுகிறவன் விலைபோனவன், நாம் இலக்கியத்தின் மேல் உள்ள நேசத்தால் எழுதுகிறோம். இந்த வாக்கியத்தை நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஏரிக்கரைப் பெரியவர் சொன்னதும் இதே வாக்கியம்தான் என்று அன்று மேடையில் உறைத்தது. நம்முடைய ‘பெல்மாண்ட்’ எது? சர்க்கார் சம்பளம், வங்கிச் சம்பளம், வாத்தியார் சம்பளம், அப்பா விட்டுப்போன மூணு ஏக்கர். நாம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபூக்கோ பேசினபோது அடுப்படியில் நின்றது யார்? ப்ரூஃப் திருத்த வந்த பையனுக்கு, அட்டைக்குப் படம் வரைந்தவருக்கு, மொழிபெயர்த்த பெண்ணுக்கு ‘நம்ம பத்திரிகைதானே’ என்று சொல்லி எத்தனை முறை வெறுங்கையை நீட்டியிருக்கிறோம்? அவர்களில் யாராவது வாய்விட்டுக் கேட்டபோது நம் முகம் எப்படி மாறியது?

தொண்ணூறுகளில் தலித் எழுத்து வந்தபோது, இதில் அழகியல் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. அழகியல் என்று அவர்கள் சொன்னதில் பாதி ஓய்வு. ஓய்வு இருந்தவனுக்கு வந்த நடையழகைத் தரம் என்று பெயரிட்டு, அது இல்லாதவனை வாசலில் நிறுத்தினார்கள். ஜென்டில்மென் வாசல் வேறு, பிளேயர்ஸ் வாசல் வேறு.

எங்கள் பக்கம் தெருக்கூத்து ஜமாக்கள் இன்னும் இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு முகம் எழுதி விடியவிடிய ஆடுகிறவர்கள். அச்சாரம் வாங்கித்தான் தேதி கொடுப்பார்கள், அதுதான் அவர்கள் வாழ்க்கை. நகரத்திலிருந்து வருகிற நம் நண்பர்கள் இரண்டு வாரம் கூத்துப் பயின்று மேடையேறினால் அது கலை, ஆய்வு, மீட்பு. ஜமா வாத்தியார் கூலி கூட்டிக் கேட்டால் ‘கலையை வியாபாரமாக்கிட்டாங்க’. பறையடிக்கிறவர் நிலையும் இதேதான். அவர் கூலிக்கு அடித்த வரைக்கும் அது இழிதொழில், நாம் டி-ஷர்ட் போட்டு இலவசமாக அடித்ததும் அது பண்பாட்டு அரசியல். விடுதலைக்காகப் பறையைக் கையிலெடுத்தவர்களை நான் சொல்லவில்லை. நேசிப்பவன் – கூலிக்காரன் பிரிவினையை நாம் எப்படிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

கிரிக்கெட்டிலும் அமெச்சூர் சாகவில்லை. 2008க்குப் பிறகு ஆட்டக்காரர்கள் வெளிப்படையாக ஏலத்தில் போகிறார்கள். ஆனால் ஆட்டத்தை ஆளுகிற நாற்காலிகள் ‘கௌரவ’ நாற்காலிகள். கௌரவச் செயலாளர், கௌரவப் பொருளாளர். சம்பளம் இல்லை, அதனால் கேள்வியும் இல்லை. ஹாரிஸ் பேட்டை வைத்துவிட்டுப் பொருளாளர் நாற்காலிக்குப் போன அதே பாதை.

7

அப்படியானால் நேசமே பொய்யா? எல்லாவற்றையும் கூலிக் கணக்காக்கிவிட வேண்டுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். இந்த இடத்தில் எனக்குத் துணை ஹாரிஸ் பிறந்த அதே தீவில், ஐம்பது வருஷம் கழித்து, ஒரு கறுப்பு வாத்தியாருக்கு மகனாகப் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ். மார்க்சியர், கறுப்பின விடுதலைக்காரர். 1963இல் கிரிக்கெட் பற்றி அவர் எழுதிய ‘எல்லைக் கோட்டுக்கு அப்பால்’ என்ற நூல் நம்மில் பலர் படித்திருக்க வேண்டிய ஒன்று. துரைமார் கற்றுக்கொடுத்த ஒழுக்கத்தை, அதாவது அம்பயர் சொன்னால் போ, தோற்றால் முனகாதே, சக ஆட்டக்காரனைக் காட்டிக்கொடுக்காதே என்பதை, அவர் குப்பையில் போடவில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டு, இதை உபதேசித்த நீங்கள் ஏன் ஒரு கறுப்பனைக் கேப்டனாக்கவில்லை என்று திருப்பிக் கேட்டார். 1960இல் ஃபிராங்க் வொரெல் மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டனானதில் அவர் பத்திரிகையில் நடத்திய இயக்கத்துக்குப் பங்குண்டு. நேசம் பொய் இல்லை, நேசிக்கிற உரிமையைச் சிலர் மட்டும் வைத்துக்கொண்டதுதான் பொய். மலைப் பையனுக்கும் ஆட்டத்தின் மேல் பிரியம் இருந்தது. அன்று அவன் பந்தை உருட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தவன் நான். பெரியவருக்கு இல்லாத ஒன்று அவனுக்கு இருந்தது: பிரியத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை, ஒரு நாள் கூலி. அந்த விலையை ஒழிக்கிற வரைக்கும், அதாவது எல்லார்க்கும் ஓய்வும் நிலமும் மைதானமும் கிடைக்கிற வரைக்கும், கூலி கேட்கிறவனைப் பார்த்து ‘துட்டுக்கு ஆடறவன்’ என்று சொல்ல நம் யாருக்கும் யோக்கியதை இல்லை.

அன்றைக்கு முடிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தகராறு தீர்ந்து ஆட்டம் தொடர்ந்தது, அவன் அணி ஜெயித்தது. ஆட்டநாயகன் கோப்பையைக் கமிட்டி வேறொரு பையனுக்கு அறிவித்தது. நாற்பது ரன் அடித்தவன், உள்ளூர்க்காரன், காசு வாங்காதவன். கோப்பையை எடுத்துக் கொடுத்தது நான். மலைப் பையன் கடைசி வண்டியைப் பிடிக்க ஏற்கெனவே கிளம்பியிருந்தான்.

அதனால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கும் என்னைப் போன்று இதில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு யோசனை. அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போடுவோம். அச்சுக்கு எவ்வளவு, தாளுக்கு எவ்வளவு, அட்டை வரைந்தவருக்கு எவ்வளவு, ப்ரூஃப் பார்த்தவருக்கு எவ்வளவு, எழுதியவருக்கு எவ்வளவு. கொடுக்க முடியாத இடத்தில் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதுவோம். பக்கத்திலேயே, அந்த வேலையைச் செய்யக் கிடைத்த நேரத்துக்கு அவருக்கு யார் சோறு போட்டார்கள் என்றும் எழுதுவோம். இந்தக் கட்டுரைக்கு: கொடுக்கவில்லை. சோறு போட்டது என் மனைவியின் டீச்சர் சம்பளம்.